செம்பியை வெறுங்கையோடு அனுப்பாத தங்கையன்

முப்பத்தாறு. தங்கையனின் இரண்டு கைகளிலும் இருக்கும் குரங்குக் கடித் தழும்புகள் அவ்வளவு. மறந்துவிடாதீர்கள். விடிந்ததும் அதே கையைக் கூண்டுக் கம்பிக்குள் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூப்பத்தி என்று அவர் பேர் வைத்த கிழட்டுப் பெண்குரங்கு வந்து, கை மயிரை விலக்கி விலக்கிப் பேன் தேடும். பேன் ஏது? வேர்வை உப்புதான். "முப்பத்தாறும் எனக்க தப்பாக்கும் சகாவே. அதுகளுக்க தப்பு ஒண்ணுகூட இல்ல." இப்படி ஒத்துக்கொள்கிற ஆளை எங்கள் தொழிற்சங்கத்தில் நான் கண்டதில்லை.

கூண்டு திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறைக்குச் சொந்தம். விளவங்கோட்டுக்காரரான தங்கையன்தான் அதற்குக் காவல், தீனி, துப்புரவு எல்லாம். பேராசிரியர் வெங்கடேஸ்வரன் கரமனை அக்கிரகாரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மனிதன் கூடி வாழ்வதை எங்கே கற்றான் என்பது அவர் ஆராய்ச்சி. எந்தக் குரங்கு எந்தக் குரங்குக்கு எத்தனை நிமிடம் பேன் பார்க்கிறது என்று கடிகாரம் வைத்து நோட்டில் எழுதுவார். பேன் பார்த்தவளுக்குத்தான் சண்டையில் ஆள் கூடுகிறது, நம்முடைய உறவுக்கும் சங்கத்துக்கும் வேர் அங்கே இருக்கலாம் என்பார். தங்கையன் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர். "மண்ணுல இருந்து கர்த்தர் உண்டாக்கினாரு, அதுல எனக்கு சம்சயம் இல்ல. ஆனா பழக்கவழக்கம் இதுகளுக்க கிட்ட இருந்து எடுத்ததாக்கும். அத சார் எழுதட்டு."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் சங்க உறுப்பினர் படிவத்தோடு அவரிடம் போனேன். கையெழுத்து கிடைக்கவில்லை, மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் கிடைத்தன. எழுபத்தாறில் சங்கம் என்னை வெளியே தள்ளியபோது, சாலைக் கடைத்தெருவில் என்னைக் கண்டு எதிர்ப்பக்கம் போனவர்கள் பலர். கூண்டடிக்குப் போனேன்; தங்கையன் தன் பக்கத்துக் கல்லைத் துண்டால் தட்டிவிட்டு, "இரியும் சகாவே" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்கு நன்றியாகத்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வருடம்தான் செம்பி என்ற இளம் பெண்குரங்குக்குக் கை முறிந்தது. கட்டுப்போட்டு ஐந்து வாரம் தனி அறையில் வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்த அன்று, தங்கையன் அவள் கக்கத்தில் ஒரு சீப்புப் பழத்தைச் செருகிக் கூண்டுக்குள் விட்டார். பழத்தைக் கண்ட கூட்டம் மொத்தமாக மேலே விழுந்தது. பிய்த்து எடுத்தபோது செம்பியின் காதில் பாதி இல்லை. தங்கையன் கையில் மூன்று புதுக் கடி.

"என்னங்காணும் பண்ணினேர்?" என்று பேராசிரியர் குதித்தார். "சம்பந்தியாத்துக்குச் சீர் எடுத்துண்டா போறா அவ?"

"அஞ்சு வாரம் கழிச்சு வீட்டுக்குப் போறவள வெறுங்கையா எப்பிடி சாரே விட? பிள்ளை பெத்துட்டுத் திரும்பினப்ப எங்க மருமவளும் பழம் கொண்டுதான வந்தா."

"அது ஒம்மாத்து மாட்டுப்பொண்ணு! இது கொரங்குய்யா!"

"சாருதான சொன்னீரு, நமக்குச் சொந்தம்னு."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கெடு வைத்தார். சனிக்கிழமைக்குள் கூட்டம் அவளைச் சேர்க்காவிட்டால், வேறு ஊரில் தனிக் கூண்டு.

"தனியா கெடந்தா சாவும் சாரே. திங்காம கெடந்து சாவும்."

தங்கையன் செம்பியை ஒரு சிறு கூண்டில் வைத்து, அதைப் பெரிய கூண்டோடு ஒட்டிப் போட்டார். நடுவில் விரல் நுழையும் கம்பிவலை. அந்தப் பக்கம் பழத்தைக் கண்ணில் காட்டவில்லை. திங்களும் செவ்வாயும் மற்றக் குரங்குகள் வலையை உலுக்கிப் பல்லைக் காட்டின. வெள்ளிக்கிழமை உலுக்கக்கூட ஒருவரும் வரவில்லை. தங்கையன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தார். மனைவி தாசம்மாள் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"எனக்குக் காய்ச்சலு வந்து மூணு நாளு கெடந்தேனே, அப்ப இப்பிடிப் பக்கத்துல இருந்தியளா?"

"ஒனக்கு ஒனக்க அக்கா இருந்தா. இதுக்கு ஆரு இருக்கா?"

 பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டுத் தாசம்மாளும் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை மூன்று மணிக்குச் செம்பியைக் கொண்டுபோக வண்டி வந்தது. டிரைவர் இறங்கிப் பீடி பற்றவைத்தபோது, மூப்பத்தி வந்து வலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செம்பி நகரவில்லை. சற்றுக் கழித்து மூப்பத்தி திரும்பினாள். இரண்டு விரலை வலைக்குள் விட்டு, கிழிந்த காதோரத்து மயிரை விலக்கினாள்.

"எடுக்கட்டே சேட்டா?" என்று டிரைவர் சத்தம் போட்டார். தங்கையன் திரும்பாமலே துண்டை உருவி அவர் பக்கம் ஓங்கினார். பேராசிரியர் நோட்டைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். தங்கையனின் மற்றக் கை இரண்டு கூண்டுக்கும் நடுவில் உள்ள தாழ்ப்பாளில் இருந்தது. மூப்பத்தி விரலை எடுத்த பிறகுதான் அதை அவர் நீக்கினார்.

பேராசிரியர் நோட்டில் எழுதினார்: நாற்பத்தெட்டு நிமிடம்.