படகுக்கு அடியில் சிக்கியது

தென்காசிக்கு நாங்கள் தனிக்குடித்தனம் போனதிலிருந்து அத்தை என்னோடு பேசவில்லை. நானும் மாமியாரென்று இறங்கிப் போகவில்லை. குற்றாலத்து அருவியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் பேசாத எங்களை, தூத்துக்குடியில் கரையோரமாக மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற படகில் ஏற்றினார் என் கணவர்.

ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து தூண்டில் போட்டோம். திடீரென்று என் தூண்டில் நரம்பு விண்ணென்று இழுத்தது. "மாட்டிட்டு!" என்று கத்தினேன். அதே நேரம் அத்தையும், "ஏலே, பெரிய மீனுலே!" என்று மகனைக் கூப்பிட்டார். நான் இழுக்க இழுக்க அங்கேயும் இழுத்தது. விடுவேனா?

படகுக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார். "மீனெல்லாம் இல்லக்கா. படகுக்கு அடியில ரெண்டு நரம்பும் சிக்கிட்டு. நீங்கதான் ஒருத்தரை ஒருத்தர் இழுக்கீங்க. யாராவது தளர்த்துங்க."

நான் தளர்த்தவில்லை. கொஞ்ச நேரத்தில் என் கையில் நரம்பு தொய்ந்தது. திரும்பினால், அத்தை தோள் குலுங்கச் சிரிக்கிறார்.

"ஏட்டி, என்னா இழுப்பு இழுக்கே! என் கையே போச்சு."

திரும்புகிற வழியில் சீலா மீன் வாங்கினோம். பாவூர்சத்திரத்தில் அத்தையைக் கீழப்பாவூர் வீட்டில் விட வண்டியைத் திருப்பினார் என் கணவர்.

"நேரா தென்காசிக்கு விடுலே. இவ குழம்பு சாப்பிட்டு நாளாச்சு" என்றார் அத்தை.

முதலில் தளர்த்தியது அவர்தான். அதை நான் மறக்கவில்லை. அன்று குழம்பில் உப்பு கூடிப்போனது. அத்தை அதைப் பற்றி மட்டும் பேசவே இல்லை.