கருப்பு வெள்ளையில ஓடின கம்ப்யூட்டர்

பழைய கம்ப்யூட்டரைப் புது டிவியில மாட்டித் தர்ற பொழப்புல படம் வரவைக்கிறது சுலபம், அதைப் பாக்கிறவங்க மூஞ்சியைப் பாக்கிறதுதான் கஷ்டம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. அந்தக் காலத்துல கீபோர்டு மாதிரியே இருக்கும், ஆன்டெனா ஒயரைச் சொருகினா டிவியில கேம் ஓடும், ஞாபகம் இருக்கா? அதேதான். இப்போ வர்ற டிவிக்கு அது சொல்றது புரியறதில்ல. நடுவுல கன்வெர்ட்டர்னு தீப்பெட்டி சைஸுல ஒரு பொட்டி வெக்கணும். படம் வந்ததும் எல்லா வூட்டுலயும் ஒரே வசனந்தான் விடுவேன்: "பாருங்க, கலரு எப்படி அள்ளுது!" ரிப்பேர் கடை வெச்சு அல்லாடுற மகராசனுங்களே, உங்களுக்கும் இப்படி ஒரு வாய்க்கொழுப்பு இருக்கும்.

லேட்டா குதிக்கிற பொம்மை

மணலூர்பேட்டையில ஒரு கரும்பு விவசாயி. போன வருஷம் அவருக்கு வலது கை இழுத்துக்கிச்சு. விரலுக்கு வேலை குடுங்கன்னு டாக்டர் சொல்லவும், சின்ன வயசுல ஆடின கம்ப்யூட்டரைப் பரண்லேருந்து எறக்கிட்டாரு. மாட்டிக் குடுத்தேன். பட்டனை அமுக்கறாரு, பொம்மை கொஞ்சம் கழிச்சுக் குதிச்சு பள்ளத்துல விழுது. திரும்பத் திரும்ப விழுது. மனுஷன் தன் கையையே பாத்துக்கினு உக்காந்துட்டாரு.

"ஐயா, கை மேல தப்பில்லீங்க. பொட்டி படத்தை மாத்தி அனுப்பறதுக்குள்ள லேட்டாவுது"ன்னு நானே அமுக்கிக் காட்டினேன். எனக்கும் பள்ளந்தான். டிவி செட்டிங்ல கேம் மோடு போட்டதும் கொஞ்சம் தேவலாம். ஆனா அவரு நம்பல.

"ஆறுதலுக்கு நீயும் விழுந்து காட்றியா தம்பி?"

படையலுக்குள்ள வேணும்

வெள்ளிமலையில டீக்கடை வெச்சிருக்கிற ஒரு அம்மா, மஞ்சப்பையில அதே மாதிரி ஒரு கம்ப்யூட்டரோட பஸ் புடிச்சு எறங்கி வந்தாங்க. அவங்க மகன் சின்னப் புள்ளையிலேயே காய்ச்சல்ல போயிட்டான். வருஷா வருஷம் அவன் செத்த நாளுக்குப் படையல் போடறப்ப, புடிச்ச வடை, பாயசம், ஒரு புதுச்சட்டையோட இந்த கேமையும் ஓடவிடுவாங்களாம். அதுக்குன்னே அவன் காலத்து கருப்பு வெள்ளை டிவியைக் காப்பாத்தி வெச்சிருந்திருக்காங்க. போன மழையில அது செத்துப்போச்சு. வூட்டுல இப்போ இருக்கிறது மக வாங்கிக் குடுத்த புது டிவி. படையலோ அடுத்த வாரம்.

கழட்டிப் பாத்தா, ஆன்டெனாவுக்குப் போற ஒயர் மட்டுந்தான், அது கன்வெர்ட்டருக்கு ஒத்துவராது. உள்ள வீடியோ வர்ற எடத்தைத் தேடிப் புடிச்சு, தனியா ஒரு ஒயரை ஈயம் வெச்சுப் பத்தவெச்சு வெளிய இழுத்தேன். "படையல் அன்னிக்கு நானே வந்து மாட்டறேம்மா"ன்னதும் அவங்களுக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

"பொம்ம ஓடாம படைச்சா, எம்புள்ள வந்து பாத்துட்டு சாப்புடாமயே போயிடுவான் தம்பி."

சட்டை

சொன்ன மாதிரியே ஜீப்புல ஏறிப் போனேன். இலை போட்டாச்சு. பக்கத்துல மடிப்புக் கலையாத பச்சைச் சட்டை. மாட்டினேன், படம் பளிச்சுன்னு வந்துச்சு. வாய் சும்மா இருக்குமா? "பாருங்கம்மா, கலரு எப்படி அள்ளுது!"

அந்தம்மா டிவிகிட்ட போய் நின்னாங்க. கேம்ல ஓடற குட்டிப் பையன் போட்டிருந்தது நீலச் சட்டை.

"அந்தப் பழைய டிவியில கலரு ஒண்ணும் தெரியாது தம்பி. 'யம்மா, இவன் சட்ட இன்னா கலரு?'ன்னு கேட்டுக்கினே இருப்பான். நான் அடுப்பு வேலையில இருந்துக்கினு, பச்சைடான்னுட்டேன். எனக்கும் அதே மாதிரி வேணும்னான். வாங்கிக் குடுக்கறதுக்குள்ள போயிட்டான். அன்னிலேருந்து பச்சதான் எடுத்து வெக்கிறேன்."

இந்த வாயை வெச்சிக்கினு சும்மா இருந்திருக்கக் கூடாதா? ரிமோட்டை எடுத்து கலரை மொத்தமா எறக்கினேன். படம் பழையபடி கருப்பு வெள்ளையாச்சு. அந்தம்மா அதைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு கற்பூரம் ஏத்தப் போனாங்க. ஏத்தல. திரும்பி வந்தாங்க.

"கலர வெய்யி தம்பி. எம்புள்ள இன்னிக்காவது நெசத்தப் பாக்கட்டும். அடுத்த வருஷம் நீலம் எடுத்துடறேன்."

அன்னிலேருந்து எந்த வூட்டுல படம் வந்தாலும் நான் கலரைப் பத்தி வாயே தொறக்கறதில்ல, ஒயரெல்லாம் சரியா இருந்தாலும் அவங்க மூஞ்சியைப் பாக்காம இன்னும் கொஞ்ச நேரம் டிவிக்குப் பின்னாடியே நோண்டிக்கினு கெடக்கேன்.