சத்தம் போகும் இடம்

மாமாவின் வேனில் பாட்டுச் செட்டின் சத்தம் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதுதான் எரிச்சல். ஒரேயடியாகச் செத்துப்போன செட் என்றால் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இது கினிகத்தேனையில் பாடும், வட்டவளை வளைவுகளில் ஊமையாகும், அட்டன் டவுனுக்குள் நுழைந்ததும் யாரும் கேட்காமலே தொண்டையைத் திறக்கும். கல்யாணத்துக்கு வாடகைக்கு, அதாவது ஹயர், போனால், மாப்பிள்ளை வீட்டார் கை தட்டிக்கொண்டிருக்கும்போதே பாட்டு நின்றுவிடும்; தட்ட எடுத்த கைகள் அந்தரத்தில் நிற்கும். மாமா டேஷ்போர்டில் ஓங்கி ஒன்று வைப்பார். சில நேரம் அது பயந்து பாடும். சில நேரம் அதற்கும் ரோஷம் வந்துவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா வீட்டு வேலைக்கு வெளிநாடு போய் இரண்டு வருஷம் முடியப்போகிறது. அப்பா கொழும்பில் ஒரு கடையில். நான் மாமாவோடும் அத்தையோடும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தேன். பன்னிரண்டு வீடுகள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு, ஒரு வீட்டுத் தாளிப்புக்கு அடுத்த வீடு தும்முகிற இடம். மழை, பனி, மறுபடி மழை. இரண்டு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போன அம்மா எந்த நாள் வருவாள் என்பதைத் தவிர எனக்கு வேறு யோசனை இல்லை.

அந்த நேரத்தில்தான் அவள் குரலைப் பதிந்த கெசட் வந்தது, ஊர் திரும்பிய ஒரு அக்காவின் கையில். கடிதத்தை ஒளித்து வைத்துப் படிக்கலாம். கெசட் அப்படியில்லை, எங்கள் லயத்தில் அது எல்லாருக்கும் சொந்தம். பேசுகிறவர் வீடு வீடாக விசாரிக்க வேண்டும்; ஒரு வீடு விட்டுப்போனால் அது வருஷக்கணக்கில் ஆறாது. எங்கள் ரேடியோவில் கெசட் போட வழியில்லாததால் அந்த ஞாயிற்றுக்கிழமை லயமே வேனுக்குள் ஏறியது. ஏற இடமில்லாதவர்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டார்கள். அவர்களோடு பனியும் உள்ளே வந்தது.

அம்மா பேசினாள். முதல் வீடு, இரண்டாம் வீடு, ஆட்டுக்குட்டி, அடுப்பு, பிள்ளையின் படிப்பு. "கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு" என்றதும் சத்தம் போனது. மாமா அடித்தார். சத்தம் வந்தபோது அம்மாவின் பேச்சு கோயிலுக்குப் போயிருந்தது.

"என்னய மட்டும் முழுங்கிருச்சே தம்பி ஒங்க செட்டு," என்றார் கடைசி வீட்டுப் பெரியம்மா.

"சொல்லியிருக்கு பெரியம்மா, செட்டுதான் விடல."

"அதுக்கு எம்மேல என்னா கோவம்?"

இப்படி ஐந்தாறு இடம். கடைசியில் எனக்கு வந்தது. "பாப்பா, அம்மா வர்றது வந்து..." அவ்வளவுதான். உள்ளே டேப் சுற்றுவது தெரிகிறது, குரல் இல்லை. மாமா அடித்தார், அத்தை அடித்தார், ஜன்னல் வழியாக யாரோ கை நீட்டி அடித்தார்கள். மறுபடி வந்தபோது அம்மா சொன்னாள்: "...அழாம இருக்கணும், சரியா? அத்தைக்கு ஒத்தாசையா இரு."

திரும்பப் போடச் சொல்லி நான் கத்தினேன். திரும்பப் போட்டால் ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் வரவில்லை. பேட்டரி இறங்கிவிடும் என்று மாமா சாவியைத் திருப்பினார்.

அந்த வாரம் முழுக்க வைத்தியம் நடந்தது. பியூஸ் மாறியது. பேட்டரி முனைகளை மண்தாள் போட்டுத் தேய்த்தார். ஸ்பீக்கரை இடம் வலமாக மாற்றினார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கெசட் ஓடும் வாயைக் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல் துடைத்தார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் "இப்ப பாரு" என்பார். பார்ப்பேன். போகும்.

ஒரு நாள் வட்டவளை ஸ்டேஷனில் ரயிலில் வரும் ஆட்களை ஏற்ற வெகுநேரம் காத்திருந்துவிட்டு வந்தார். கெசட் அன்று வேனில்தான் இருந்தது. வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய் அத்தையிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். மறுநாள் செட்டையே கழற்றி அட்டனில் ரேடியோ திருத்தும் முஸ்லிம் பெரியவரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம், கொண்டுபோனார். உள்ளே விட்டுப்போயிருந்த ஒரு ஈயப் பற்றைச் சூடு வைத்து ஒட்டிக் கொடுத்தார் நானா. அதற்குப் பிறகு நானுஓயா வரை போய்த் திரும்பும்வரை ஒரு பாட்டு அறுந்ததில்லை.

லயம் மறுபடி வேனில் ஏறியது. எல்லா வீடும் கேட்டது. "முட்டிவலியக்கூட விசாரிச்சிருக்கா, தங்கம்," என்று கடைசி வீட்டுப் பெரியம்மா இறங்கிப் போனார். என் முறை வந்தது. "பாப்பா, அம்மா வர்றது வந்து..."

போனது.

சுற்றிப் போட்டோம். போனது. இன்னொரு தரம். அதே இடம். அந்த இடம் நெருங்கும்போதெல்லாம் மாமா ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்துவிடுவார். "வயரத்தான் பாக்குறேன், இரு." திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கக் குனிகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. இவ்வளவு கையாலாகாத மனிதரை நான் பார்த்ததில்லை.

நச்சரித்து, சாப்பிடாமல் கிடந்து, அவரை மறுபடி நானாவின் கடைக்கு இழுத்துப்போனேன்.

"கெசட்டத் தாங்க, கடைக்குள்ள போட்டுப் பாப்பம்," என்றார் நானா.

"வேணாம் நானா. வேன்லயே பாருங்க," என்றார் மாமா.

நானா ஏறி உட்கார்ந்தார். அம்மா பேசினாள். மாமா குனிந்தார். சத்தம் போனது.

"எப்பவும் இதே எடம் நானா," என்றேன். "வேன் ஓடக்கூட இல்ல. நிக்கிறப்பவே போகுது."

"அதே வார்த்தையிலயா?" நானா சிரித்தார். "வயருக்கு வார்த்த தெரியாதே பாப்பா." சொல்லிக்கொண்டே அவரும் ஸ்டியரிங்குக்குக் கீழே எட்டிப் பார்த்தார். மாமாவின் கை ஸ்பீக்கர் வயரில் இருந்தது. வயரைப் பார்க்கிறவரின் கை வேறெங்கே இருக்கும்?

நானா நிமிர்ந்தார். சிரிப்பு இல்லை. கண்ணாடியைக் கழற்றி இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"டேப்புதான். அந்த எடத்துல தேஞ்சிரிச்சி. திருத்த ஏலாது."

"அப்ப அழாம இருன்னு சொல்றது மட்டும் ஏன் தேயல?"

நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். யாரோ கூப்பிட்டதுபோல் கடைக்குள் போனார், யாரும் கூப்பிடவில்லை. அவர் காதில் விழட்டும் என்றே சொன்னேன்: "இவருக்கு ஒண்ணுமே தெரியல மாமா."

"தெரியாதுதான். வா."

அந்த வெற்றிடத்தை நானே நிரப்ப வேண்டியதாயிற்று. அம்மா வர்றது வந்து, தீபாவளிக்கு. பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் சொன்னேன். தீபாவளி போனது. பிறகு தைப்பொங்கலுக்கு என்று வைத்தேன், அப்புறம் கோயில் திருவிழாவுக்கு. ஒவ்வொன்றும் போகப்போக, "ஒங்க செட்டாலதான்" என்று மாமாவிடம் பாய்ந்தேன். "ஆமா பாப்பா" என்பார். பன்னிரண்டு வீட்டிலும் போய் அந்தச் செட்டைத் தூற்றினேன். கல்யாண ஹயர்கள் வேறு வேனுக்குப் போகத் தொடங்கின. இப்போதெல்லாம் ஒரு பாட்டும் அறுவதில்லை என்று மாமா யாரிடமும் வாதாடவில்லை.

மேலும் இரண்டு வருஷம் கழித்து அம்மா வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து மாமாவின் வேனில் ஏறி வந்தோம். நான் முன் சீட்டில், பெட்டிகளுக்கு நடுவே அம்மா பின்னால். கினிகத்தேனை தாண்டும்போது அவள் கேட்டாள்:

"வரல வரலன்னு அழுதியாம். இன்னொரு ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்னு கெசட்லயே சொன்னேனே கண்ணு. கேக்கலியா?"

"எங்கம்மா கேட்டுச்சு? சரியா அந்த எடத்துல சத்தம் போயிரும்."

விட்டேனா? பியூஸிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். மாமா குனிந்து குனிந்து பார்த்தது, நானாவுக்குத் தெரியாமல் போனது, நிற்கிற வேனில் ஒரு வயரைக் கண்டுபிடிக்க இரண்டு ஆண்பிள்ளைகளுக்கு வக்கில்லாமல் போனது. மாமா ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். பிறகு பின்னாலிருந்து கையை நீட்டித் தன் தம்பியின் தோளில் வைத்தாள், வட்டவளை வளைவுகள் முடியும்வரை எடுக்கவில்லை.

பாவம், வேலை தெரியாதவரைத் தேற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.