பேண்டு வேண்டாம் என்ற ஸ்டெல்லா டீச்சர்

கேளம்பாக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது போன் வந்தது. ஸ்டெல்லா டீச்சர் போய்விட்டாராம். "அடக் கடவுளே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் பதறிவிட்டார்கள். திருக்கழுக்குன்றம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சரித்திர வகுப்பில் ஐரோப்பிய ராஜாக்களைப் பற்றி அவர் அடுத்த தெருக்காரர்களைப் போலப் பேசுவார். பிரஷ்ய ராஜாவின் புல்லாங்குழலைக் கிண்டலடிப்பார். ரஷ்ய மகாராணிக்குப் பேச்சுதான் தாராளம் என்பார். ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தி ஜோசப் மட்டும் செல்லப்பிள்ளை. பண்ணையடிமைகளை விடுவித்தவர் ஆயிற்றே! அந்தப் பாடம் நடத்தும் நாளில் புதுப்புடவை கட்டி, வகுப்பு முழுக்கத் தேன்மிட்டாய் கொடுப்பார். ஏன் என்று கேட்டேன். "எங்க ஜனம் செய்யூர்ல அடுத்தவன் நெலத்துலயே குனிஞ்சு கெடந்த ஜனம் சார். எங்கியோ ஒருத்தரு அவுத்து வுட்டாரு. முட்டாய் குடுக்கக்கூடாதா?"

அதே ஜோசப், சவப்பெட்டி செய்தே மரம் வீணாகிறதென்று ஒரு உத்தரவு போட்டார். பிணத்தைச் சாக்கில் தைத்து, அடிப்பக்கம் திறக்கும் பொதுப்பெட்டியில் கொண்டுபோய்க் குழிக்குள் விட்டுவிட்டு, பெட்டியைத் திருப்பி எடுத்து வர வேண்டும். ஜனங்கள் கொதித்தெழ, உத்தரவு வாபஸ். இதைச் சொல்லும்போது டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். "நல்ல மனுசன் சார். ஆனா யாரையும் ஒரு வார்த்த கேக்கல."

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், மாமல்லபுரம் கடற்கரையில் மீன் வறுவல் தின்றுகொண்டே சொன்னார்: "நான் போனா பேண்டு, பூ ஒண்ணும் வாணாம். மாதா கோயில்ல கீற பொதுப்பெட்டி போதும். நீங்கதான் நின்னு பாத்துக்கணும்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

செய்யூர் போய் இறங்கினால் தெருவை அடைத்துப் பூ. பேண்டு செட் தயாராக நிற்கிறது. டீச்சரின் ஆசையைச் சொல்லி, கையை நீட்டி நிறுத்தச் சொன்னேன். அவர் தம்பிக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. "இன்னா சார் நீங்க? எங்க தெருவுல மொத மொதல்ல டீச்சரானது எங்க அக்கா. சத்தமில்லாம அனுப்பணுமா? எங்கள ஒரு வார்த்த கேட்டுச்சா அது?"

ஜோசப்பைப் பற்றி டீச்சர் சொன்ன அதே வார்த்தை! சாவு வீட்டில், அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன். முறைத்தவர்களுக்கு ஜோசப் கதையை அங்கேயே சொன்னேன். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப எங்க அக்கா உத்தரவும் வாபஸ்தான?"

"வாபஸ்தான்."

"யப்பா, வாசிங்க!"

அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. கிழவர்கள்கூட ஆடினார்கள். நானும் இரண்டு எட்டு வைத்தேன்.

இப்போது நான் தலைமையாசிரியர். எந்த உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும், பேனாவை மூடி வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கிறேன். ஜோசப் பாடம் அடுத்த வாரம் வருகிறது. தேன்மிட்டாய் வாங்கிவிட்டேன்.