அவளுக்கு வராத காய்ச்சல்

போகாத ஊர்களைப் பற்றி எழுதித்தான் நான் வயிற்றைக் கழுவினேன். புனே கன்டோன்மென்ட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், எங்கள் சுற்றுலா நிறுவனம் இருந்தது. பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்தவன் என்பதால், வெளிநாட்டுப் பயணங்களுக்கான விளம்பரத் தாள்களை எழுதும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். எழுபதுகள் முழுவதும் அந்த மேஜையில் உட்கார்ந்து ஜெனீவா ஏரியின் நீலத்தை விதவிதமாக வர்ணித்தேன். எனக்குத் தெரிந்த ஏரி புனேக்கு வெளியே கடக்வாஸ்லா அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர்தான். மாடிப்படி வழியே வரும் பிஸ்கட் வாசனையில் பாரிஸைப் பற்றி எழுதுவது சுலபமாக இருந்தது.

எழுதியதை வீட்டில் என் மனைவிக்குத் தமிழில் சொல்வேன். அவளுக்கு ஆங்கிலம் வராது. புனேயில் நாங்கள் குடியிருந்த கோர்ப்படிப் பகுதியில் பேசிப் பழகிய இந்தியும் மராத்தியும் தடையில்லாமல் பேசுவாள். நான் கோபுரத்தின் உயரத்தைச் சொன்னால் அவள் வேறு ஏதாவது கேட்பாள்.

"அங்க துவைச்ச துணி காயுமா? வெயிலே இல்லன்னு சொல்லுதிய."

"அதெல்லாம் யாரு பாத்தா?"

"யாரும் பாக்காததையா எழுதிக்கிட்டு இருக்கிய?" என்று சிரிப்பாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் முதலாளி என்னை அழைத்து, மே மாதம் ஐரோப்பா போகும் குழுவை நானே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார். பேருந்தில் ஒரு இடம் காலியாக இருப்பதால் மனைவியையும் அழைத்துப் போகலாம் என்றார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் ஊருக்கு ரயிலில் போய் வந்ததைத் தவிர எங்கும் போனதில்லை.

அவள் தயாரானதை இப்போது நினைக்கவே சங்கடமாக இருக்கிறது. ஊதா நிறக் கம்பளி நூல் வாங்கி இரண்டு ஸ்வெட்டர் பின்னினாள். உருளைக்கிழங்கை அவித்து வைத்துக்கொண்டு, முள்கரண்டியால் சாப்பிடப் பழகினாள். பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனபோது ஸ்டுடியோக்காரர் சிரிக்கக் கூடாது என்று மூன்று முறை சொன்னார். அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். படத்தில் கண் சிரித்துவிட்டது.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, பயணிகள் எல்லோரையும் அலுவலகத்துக்கு வரவழைத்து விவரம் சொல்வது எங்கள் வழக்கம். பார்சிக் குடும்பங்கள், குஜராத்தி வியாபாரிகள், ஒரு மராத்தி டாக்டர். அவளையும் கூட்டிப் போயிருந்தேன். அருங்காட்சியகங்களைப் பற்றி ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து என் மனைவி இந்தியில் கேட்டாள்: அங்கே கக்கூஸில் தண்ணீர் இருக்குமா, காகிதம்தானா? காகிதம்தான் என்றால் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் மக் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டாமா?

மாடியே அதிரும்படி சிரித்தார்கள். முதலாளி என் முதுகில் தட்டி, "மேனேஜர் நீ இல்லப்பா, அவங்கதான்" என்றார். எனக்குக் காது சுட்டது. நான் பேசிய ஒரு மணி நேரமும் போய்விட்டது என்றே தோன்றியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சொன்னாள்: "சிரிச்சாவளே, பாத்தியளா? பாவம், எல்லாருக்கும் கேக்கணும்னு இருந்திருக்கு. வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காவ."

பதினேழு நாள், அத்தனை பேர் நடுவில், முள்கரண்டியோடு, இந்த இந்தியோடு இவள் என் பக்கத்தில் இருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மறு வாரம் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் விசாவுக்காக பம்பாய்க்கு எடுத்துப் போனேன். அவளுடையதை எடுத்துப் போகவில்லை. அலுவலகத்தில் என் மேஜையின் அடி இழுப்பறையில் பழைய விளம்பரத் தாள்களுக்குக் கீழே வைத்துப் பூட்டினேன். கோபத்தில் செய்த காரியம் இல்லை. நிதானமாகத்தான் செய்தேன்.

சில நாள் கழித்து அவளிடம், "உனக்கு விசா குடுக்கல" என்றேன்.

"எனக்கு மட்டுமா?"

"ஆமா."

"ஏன்னு கேட்டியளா?"

"காரணமெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"போட்டோல சிரிச்சுட்டேன்னு இருக்குமோ?" என்றாள்.

இருக்கலாம் என்று சொன்னேன். அதையும் சொன்னேன்.

விமான நிலையத்தில் பயணிகள் அவள் எங்கே என்று கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் விசா வாங்கிக் கொடுத்தவன் நான். அதனால் என் மனைவிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்ற பொய் அவர்களிடம் செல்லாது. திடீரென்று கடும் காய்ச்சல் என்றேன்.

பதினேழு நாளில் நான் பார்த்தது பெட்டிகளைத்தான். ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் பெட்டிகளை எண்ணினேன், பேருந்தில் தலைகளை எண்ணினேன். பக்கத்து இருக்கையில் ஊறுகாய் ஜாடிகளும் குஜராத்திகளின் காக்ரா ரொட்டிப் பொட்டலங்களும் வந்தன. ஜெனீவா ஏரிக்கரையில் இறங்கியபோது மழை. தண்ணீர் ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. ஊர் திரும்பிய பிறகும் விளம்பரத் தாளில் நீலம் என்றுதான் எழுதினேன்.

பயணம் முடிந்தால் யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஸ்லைடு போட்டுப் பார்ப்பது அந்த நாளில் வழக்கம். ஒரு பார்சி அம்மாள் ஞாயிறு மாலை எங்கள் இருவரையும் அழைத்தார். போகாமல் இருக்கச் சாக்குத் தேடினேன். என் மனைவி, "நான்தான் போகல, படத்துலயாவது பாக்கேனே" என்று புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, வெள்ளைச் சுவரில் படங்களை ஓட்டினார்கள். பாரிஸ், ரோம், சாய்ந்த கோபுரம். பிறகு ஒரு படம் வந்தது. பனிமலைக்கு முன்னால் எங்கள் குழுவின் பெண்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு பிளாஸ்டிக் மக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"பாபி, இது உங்களுக்காக எடுத்தது!" என்றார் பார்சி அம்மாள் என் மனைவியிடம், இந்தியில். "ஒவ்வொரு ஓட்டல்லயும் உங்களை வாழ்த்தினோம். நீங்க கேக்கலேன்னா எங்க கதி என்ன? பாவம், கிளம்பற அன்னைக்கா அப்படி ஒரு காய்ச்சல் வரணும்!"

புரொஜெக்டரின் விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "ஹாங், பஹுத் புகார் தா" என்றாள். ஆமாம், ரொம்பக் காய்ச்சல்தான் என்று.

பிறகு மற்றப் படங்களையும் பார்த்தாள். டீயைக் குடித்தாள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினாள். ஆட்டோவில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டாள்: "பாஸ்போர்ட் எங்க வச்சிருக்கிய?"

"ஆபீஸ்ல."

"கொண்டுவந்து குடுத்துருங்க."

மறுநாள் கொடுத்தேன். வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கடைசி வரை புரட்டினாள். பீரோவில் வைத்தாள். சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். சண்டை வராதது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அதன் பிறகு நான் எங்கே கூப்பிட்டாலும், காஷ்மீர் என்றாலும் பக்கத்திலிருக்கும் மகாபலேஷ்வர் என்றாலும், அவள் ஒரே பதில்தான் சொல்வாள். குரலில் கோபம் இருக்காது, கீரை ஆய்ந்துகொண்டே சொல்வாள்: "எனக்குத்தான் காய்ச்சலாச்சே. நீங்க போய்ட்டு வாங்க."

எண்பதுகள் முடிவதற்குள் அவள் நெஞ்சுவலியில் போய்விட்டாள். எங்கள் சர்ச்சில் அடக்க ஆராதனைக்கு ஒரு படம் வேண்டும் என்றார்கள். அவள் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான் இருந்தது. காலாவதியான பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய் அதையே பெரிதாக்கி வாங்கி வந்தேன்.

அது இப்போதும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், நல்ல சிரித்த முகம், எதற்காக எடுத்தது என்று கேட்கிறார்கள். வெளிநாடு போக எடுத்தது என்கிறேன். எந்த நாட்டுக்குப் போனார்கள் என்று கேட்கிறார்கள்.

கிளம்பும் நேரத்தில் காய்ச்சல் வந்துவிட்டது என்கிறேன். போன வாரம் வந்தவரிடமும் அதைத்தான் சொன்னேன். அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை.