ரம்மி கம்பெனியில் ‘போதும்’ சொல்லும் வேலை

சாராயக்கடை வாசலில் நின்று, “அளவாகக் குடிங்க” என்று சொல்வதற்குக் கடைக்காரரே சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும்? நான் பார்த்த வேலை அப்படிப்பட்டது. பெங்களூரில் இருந்த ஓர் ஆன்லைன் ரம்மி கம்பெனிக்காக, தருமபுரி பக்கம் பாப்பாரப்பட்டியில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து தமிழில் போன் பேசுவேன். ஆட்டத்துக்கு ஆள் சேர்க்கிற பிரிவு வேறு. எங்களுடையது நிதானப் பிரிவு. பணம் வைத்து ஆடுகிறவர் தனக்குத் தானே ஒரு வரம்பு போட்டுக்கொள்ளலாம். கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளலாம். முற்றிலும் வேண்டாம் என்றால் கணக்கையே பூட்டிவிடலாம். இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்லி, கேட்கிறவருக்குச் செய்து கொடுக்க வேண்டும்.

காதில் ஹெட்செட் மாட்டிப் பிழைக்கிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மத்தியான ஷிப்டில் ஜன்னல் வழியாகப் புளியமரக் காற்று வரும். முகமில்லாத குரல்கள் ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில், நாம் அறைக்குள் இருக்கிறோமா, அந்தக் குரல்களுக்குள் இருக்கிறோமா என்றே பிடிபடாது. ஷிப்ட் முடிந்து சந்தைக்குப் போவேன். தக்காளிக்காரர் விலை சொல்லும்போது, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பையைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். அப்படிக் காதிலேயே தங்கிவிட்ட சிலரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தண்ணி குடிச்சீங்களா?

ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் திரையில் ஒரு பெட்டி வந்து ஆட்டத்தை மறைக்கும். முதலில் அதில், “தாங்கள் ஒரு மணி நேர விளையாட்டை நிறைவு செய்துள்ளீர்கள். ஓய்வு பரிந்துரைக்கப்படுகிறது” என்று இருந்தது. எங்கள் டீம் லீடர் மஞ்சுநாத் ஓசூர்க்காரர். கன்னடம் பாதி, தமிழ் பாதியாகப் பேசுவார். “இது கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்கும்மா, மனுஷங்க பேசற மாதிரி எழுது” என்றார். நான் இப்படி மாற்றினேன்: “ஒரு மணி நேரம் ஆச்சுங்க. தண்ணி குடிச்சீங்களா? கொஞ்சம் எந்திரிச்சு நடங்க.”

சில வாரம் கழித்து ஒரு லாரி டிரைவர் கூப்பிட்டார். தொப்பூர் கணவாயில் வண்டிகள் நகராமல் நிற்கிறதாம். பின்னால் ஹாரன் சத்தம் அலை அலையாகக் கேட்டது. பணத்தில் ஏதோ சிக்கல் என்று நினைத்தேன். அவர் அந்தப் பெட்டியைப் பற்றி விசாரித்தார். யார் எழுதியது, தினமும் எழுதுவார்களா, தனக்கு மட்டும் வருகிறதா என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை. “எல்லாருக்கும் வரும்ங்க, ஆட்டத்தை நிறுத்தத்தான் அது” என்றேன். அவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார் போல, ஹாரன் சத்தம் குறைந்தது. பிறகு சொன்னார்: “வூட்ல கூட யாரும் என்னைத் தண்ணி குடிச்சியான்னு கேக்கறதில்லைங்க, அது மறுபடி வரட்டும்னுதான் இன்னொரு மணி நேரம் ஆடறேன்.”

நேற்றுப் பேசியவர்

தருமபுரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர், ஒரு திங்கட்கிழமை மத்தியானம் கொதித்துப் போய் கூப்பிட்டார். கையில் இருந்ததெல்லாம் போய்விட்டது, ஆறு மாசத்துக்குக் கணக்கைப் பூட்டு என்றார். இடையில் திறக்க முடியாது என்று விதியைச் சொன்னேன். “நான் கெஞ்சினாலும் திறக்கக் கூடாது” என்று என்னிடமே சத்தியம் கேட்டார். பூட்டினேன்.

மறுநாள் அதே எண்ணிலிருந்து, தேன் தடவிய மாதிரி ஒரு குரல். கணக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்டது. விதியைத் திரும்பச் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. ஜெராக்ஸ் மெஷின் தாள் தாளாகத் தள்ளுகிற சத்தம் பின்னால் தாலாட்டு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நேற்றைய ஆளுக்கு நான் உண்மையாக இருக்க வேண்டுமா, இன்றைய ஆளுக்கா என்று எனக்கே மயக்கமாகிவிட்டது. கடைசியில் அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “நேத்துப் பேசினவன் கோவக்காரனுங்க மேடம், அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு என்னை ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?”

தெரிந்த குரல்

கோகிலா கம்பைநல்லூர்க்காரி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பிரிவில் நன்றாகப் பேசுகிறவள் அவள்தான். அழுகிறவரிடம் என்ன சொல்வது, கத்துகிறவரிடம் எந்த இடத்தில் மூச்சு விடுவது என்று கம்ப்யூட்டர் சேட்டில் தட்டிச் சொல்லிக் கொடுப்பாள். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு முறை நேரில் பார்த்து, கரும்புச்சாறு குடித்திருக்கிறோம். பிறகு ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள்.

ஒரு மழை மூட்டமான மத்தியானம், வத்தல்மலை மேகத்துக்குள் கரைந்துபோய்க் கிடந்தது. அழைப்பு வந்தது. “வணக்கம்ங்க, என் பேர் கோகிலா. என் கணக்கைப் பூட்டணும்” என்றது குரல். பேசும் அழைப்புகள் பதிவாகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் தெரியாதவர்கள் மாதிரியே பேசினோம். பிறந்த தேதி கேட்டேன். எதனால் பூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். புது வேலையில் சாயங்காலம் வெறுமையாக இருந்ததாகவும், விளையாட்டாகத் தொடங்கியதாகவும், இப்போது வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கும்போதுகூடக் கண்ணுக்குள் சீட்டு விழுகிறது என்றும் சொன்னாள். அவள் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தையே அவளிடம் சொன்னேன்: “நீங்க கூப்பிட்டதே பெரிய விஷயம்ங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்.” பூட்டினேன். அழைப்பை வைப்பதற்கு முன், பதிவாகிறது என்பதையும் மறந்து, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்: “நல்லாப் பேசறடி வசந்தி, எனக்கு நானே சொல்லிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.”

மழை இல்லைங்க

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். பேர் மாதம்மாள். குரலுக்குப் பின்னால் நல்ல மழை. ஓட்டின் மேல் சீராகப் பெய்கிற மழை. எனக்கு எதிரே பாப்பாரப்பட்டியில் வெயில் காய்ந்தது. “அங்க மழையாங்க?” என்றேன். “மழை இல்லைங்க, புழு தழை திங்கற சத்தம்” என்றார். பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். கூடு கட்டப்போகிற சமயத்தில் புழுக்கள் ஓயாமல் தின்னும். மல்பெரித் தழை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தப்பினாலும் கூடு நோஞ்சானாகிவிடும். புருஷன் பெருமாள் தழை வெட்டப் போகிறேன் என்று தோட்டத்துக்குப் போய், வரப்பில் உட்கார்ந்து ரம்மி ஆடுகிறார். “அவரு கணக்கைப் பூட்டுங்க” என்றார்.

கணக்கு யாருடையதோ அவர்தான் கேட்க வேண்டும். விதி அது. சொன்னேன். “உங்க ஆட்டத்துல சேர எங்கிட்டக் கேட்டா சேர்த்தீங்க? வுடறதுக்கு மட்டும் அவரு வாய் வேணுமா?” என்றார். “அவர் கையில ஒரு தடவை போனைக் குடுங்க, நான் பேசிப் பாக்கறேன்” என்றேன். அவர் வைத்துவிட்டார். அன்றைக்கு ஷிப்ட் முடிகிற வரைக்கும் காதுக்குள் புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். ஓர் ஆண் குரல், மெதுவாக, “நான் பெருமாள்ங்க” என்றது. இந்த முறை பின்னால் சத்தமே இல்லை. மாதம்மாள் காய்ச்சலில் படுத்த ஒரு நாள், அவர் தோட்டத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். திரும்பி வந்தபோது புழுக்கள் எல்லாம் காலித் தட்டில் தலையைத் தூக்கி, அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டு இருந்தனவாம். “என்னையே தேடற மாதிரி இருந்துச்சுங்க” என்றார். பாதிக்கு மேல் கூடு கட்டாமலே போய்விட்டது. மனைவி திட்டவில்லை, செத்ததை அள்ளி வெளியே கொட்டிவிட்டு ஷெட்டைக் கழுவி விட்டார். அதுதான் தாங்க முடியவில்லை என்றார். நிரந்தரமாகப் பூட்டச் சொன்னார். நிரந்தரப் பூட்டு என்றால் மூன்று முறை உறுதி கேட்க வேண்டும். கேட்டேன். ஆமாம் என்றார். மறுபடி கேட்டேன். ஆமாம் என்றார். இன்னும் ஒரு முறை கேட்க வாயெடுத்தபோது பதறிப்போய்க் குறுக்கிட்டார்: “இன்னொரு தடவை கேக்காதீங்கம்மா, கேட்டா மாத்திச் சொல்லிருவேன்.”

நான் கேட்கவில்லை. பூட்டிவிட்டேன். மஞ்சுநாத் அந்த அழைப்பின் பதிவைக் கேட்டுவிட்டு, விதி மீறினதற்கு மெமோ வரும் என்று பயந்துகொண்டிருந்த எனக்குப் போன் செய்தார். சொன்னது இவ்வளவுதான்: “லைன் சரியில்லம்மா, எனக்கு மூணாவது கேள்வியும் கேட்டுச்சு.”

அளவாக ஆடினவர்

பிறகு ஒரு நாள், பணம் வைத்து ஆடுகிற ஆட்டத்தையே நாடு முழுக்கச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். எங்கள் திரை வெளுத்துப்போய்விட்டது. ஆடினவர்களின் மீதிப் பணத்தைத் திருப்பி எடுப்பது எப்படி என்று சொல்வதற்கு மட்டும் எங்களைக் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். கூப்பிட்டவர்களில் பலர் திட்டினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் பாட்டுப் பாடினார்.

கடைசியாகக் கூப்பிட்டவர் ரிடையரான பஸ் கண்டக்டர். எங்கள் பிரிவில் எல்லோரும் உதாரணம் காட்டுகிற ஆள். சாயங்காலம் காப்பி ஆறுகிற நேரம் மட்டும் ஆடுவார், தான் போட்ட வரம்பைத் தொட்டதே இல்லை. அன்றைக்கு அவர் குரல் உண்மையிலேயே புண்பட்டிருந்தது. “என்ன வேணும்ங்க ஐயா?” என்றேன். “ஒண்ணும் வேண்டாம்மா, கேக்கணும்னு தோணுச்சு, கேக்கறேன்” என்று ஆரம்பித்தவர் சொன்னார்: “டிக்கெட் எடுக்காதவனையும் எடுத்தவனையும் ஒரே ஸ்டாப்புல எறக்கி வுட்டா, அது என்னம்மா நியாயம்?”

ஊரையெல்லாம் நிறுத்தச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கினேன். ஊரே நிறுத்தியதும் முதலில் நின்றது அந்தச் சம்பளம்தான்.