டிவி விழுங்கிய கத்திரிப்பூச் சேலை

இந்த ஊரில் டிவி படத்தைச் சின்னதாக்கித் தரச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்த டிவி மெக்கானிக்கும் சிரித்தார். "எல்லோரும் பெரிய படம்தானே கேட்கிறார்கள்?" படம் பெரிதாக வேண்டாம், முழுதாக வேண்டும் என்பதை என் அரைகுறை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினேன். புது டிவிக்கு விலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

சூலூரில் என் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. எங்கள் பக்கத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப் பிறந்தவள் அவன் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். அவனுக்கு நான் ஒருத்திதான். இங்கே விசாவை நீட்டிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் திரும்பி வராததால் போக முடியவில்லை. என் இடத்தில் பெரியப்பா மகள் நின்றாள். அப்பா போனதிலிருந்து அம்மாவுக்கு வெள்ளைச் சேலைதான். சீர் நடக்கும் இடத்தில் யாரும் சொல்லாமலே ஒதுங்கி நிற்பாள். போன முறை ஊருக்குப் போனபோது நான் எடுத்துக்கொடுத்த கத்திரிப்பூ நிறச் சேலை பெட்டியிலேயே கிடந்தது.

கல்யாண வீசிடி வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பாத்தியா கண்ணு? நீ எடுத்துக் குடுத்த சீலையத்தான் கட்டியிருந்தேன். ஊரு என்ன சொல்லுமோன்னு இருந்துச்சு. நீ பாப்பியேன்னு கட்டிப்போட்டேன்."

நான் முழுவதும் பார்த்திருந்தேன். அம்மா எங்குமே இல்லை. "பாத்தேனுங்கம்மா, நல்லா இருந்துச்சுங்க" என்றேன். தம்பியைக் கேட்டதற்கு, "இருக்கறாங்கக்கா. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். இணைச்சீரப்ப எடது ஓரமா நிக்கறாங்க" என்றான்.

வீசிடி பிளேயரின் ரிமோட்டில் ஒரு பட்டன் பாக்கியில்லாமல் அமுக்கினேன். சத்தம் மாறியது, மொழி மாறியது, ஓரம் மட்டும் வரவில்லை. அதற்குத்தான் மெக்கானிக்.

ஒருவழியாக அவருக்குப் புரிந்தது. "எல்லா டிவியும் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கும். ஓரத்தில் முக்கியமானவர்கள் யாரும் நிற்பதில்லையே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கல்யாணத்தில் யாரை எங்கே நிறுத்துவோம் என்று இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? சண்டை போடும் அளவுக்கு ஜெர்மன் இல்லை. "அங்கே என் அம்மா" என்று மட்டும் சொன்னேன்.

சிரிப்பை நிறுத்தினார். பின்மூடியைக் கழற்றி எதையோ திருகினார். படம் சுருங்கி, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தது. இடது ஓரத்தில் கத்திரிப்பூ நிறம் எட்டிப் பார்த்தது. ஒரு தோள், பாதி முகம்.

"இன்னும் கொஞ்சம்" என்றேன்.

"இதற்கு மேல் படமே இல்லை."

மீதி அம்மாவைக் காமிராவே எடுக்கவில்லை. நடுவில், என் இடத்தில், பெரியப்பா மகள் முழுசாக நிற்கிறாள்.

கறுப்புப் பட்டையைப் பார்த்து என் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். மாற்ற நான் விடவில்லை. அடுத்த முறை பேசும்போது அம்மா கேட்டாள்.

"மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுச்சா கண்ணு?"

போனைக் காதில் வைத்தபடி, டிவியில் நிறுத்தி வைத்திருந்த அந்தப் பாதி முகத்தை ஒட்டியிருந்த கறுப்பின் மேல் கையை வைத்தேன்.

"தெரிஞ்சுச்சுங்கம்மா."